தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள்

நோர்பரி
2 ஜூன் 2025

எடி தாட்சா,

எழுத்தில் தா என்றாய். இந்தா, எழுத்தில். வட்ஸ்அப் குழுவில் இருந்து என்னைத் தூக்கிய கையோடு, "இனிமேல் எதுவானாலும் எழுத்து மூலம் செயலாளருக்கு" என்று அறிவித்தாயாமே. பார்த்தவர்கள் சொன்னார்கள். இந்தக் காலத்தில் உயிர்ச் சிநேகிதிக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போட வைத்த ஒரே ஆள் நீதான்.

தலைவி பத்மாசனி அக்காவும் இதை வாசிப்பார் என்பதால் தொடக்கத்தில் இருந்தே எழுதுகிறேன். பிறகு விளங்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

சௌந்தராம்பிகை மகளிர் கல்லூரியின் லண்டன் பழைய மாணவிகள் சங்கத்துக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவிகள் ஒவ்வொரு ஓகஸ்டிலும் மோதும் கிண்ணத்துக்கு அந்த அணியை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். இப்போது அந்த அணி இல்லை. ஒருத்தி ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள். ஒருத்திக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. மற்றவர்கள் மகளின் பரீட்சை, மாமியாரின் வருத்தம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். மிச்சம் நானும் இன்னும் இரண்டு பேரும். ஆள் இல்லாமல் இரண்டு வருடம் போகவில்லை. இந்த வருடமும் போகாவிட்டால் போட்டியில் இருந்து கல்லூரியின் பெயரையே எடுத்துவிடுவோம் என்று ஒழுங்கமைப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே ஆள் தேடினேன், கிடைத்தார்கள். ஆறாம் வகுப்பில் இருந்து எங்களோடு வளர்ந்தவர்கள் அல்ல. கனிஷ்ட வித்தியாலயத்தில் பதினோராம் வகுப்புவரை படித்துவிட்டு உயர்தரத்துக்கு மட்டும் எங்கள் கல்லூரிக்கு வந்தவர்கள். இடம்பெயர்ந்து வந்து ஒரு வருடம் படித்தவர்கள். ஆனால் பந்தைப் பிடித்தால் விடமாட்டார்கள்.

இவர்களைப் பற்றித்தான் மே மாத விருந்தில் அக்கா ஒலிவாங்கியைப் பிடித்து, "வந்து போனவையை எல்லாம் பழைய மாணவி எண்டு சொல்ல ஏலாது" என்றார். நான் ஒலிவாங்கியை வாங்கிப் பதில் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இவர்கள் கல்லூரியின் மெரூன் சேட் போட்டு விளையாட அனுமதி வேண்டும். பதிலையும் எழுத்தில் தா.

சிவகௌரி


பார்க்கிங்
11 ஜூன் 2025

திருமதி சிவகௌரி தியாகராஜா அவர்களுக்கு,

தங்கள் 2ஆம் திகதிக் கடிதம் கிடைக்கப்பெற்று, செயற்குழுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. "எடி" என்ற விளியை மட்டும் நான் வாசிக்கவில்லை.

சங்க யாப்பின் விதிப்படி, கல்லூரியின் பெயரில் போட்டிகளில் கலந்துகொள்பவர் கல்லூரியில் தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் கல்வி கற்றவராக இருத்தல் வேண்டும். தாங்கள் குறிப்பிட்ட வீராங்கனைகள் இந்த நிபந்தனையை நிறைவு செய்யவில்லை. எனவே அனுமதி வழங்க இயலாது.

விருந்தில் நடந்தது குறித்துத் தாங்கள் தலைவிக்கு எழுத்து மூலம் வருத்தம் தெரிவிப்பின், அணியின் பொறுப்பில் தாங்கள் தொடர்வது பற்றி ஆராயப்படும்.

தங்கள் உண்மையுள்ள,
தாட்சாயினி ஞானேஸ்வரன்
செயலாளர்

பி.கு. முதலாம் வகுப்பு முத்திரை ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டாம் வகுப்பே போதும். இங்கே ஒன்றும் அவசரம் இல்லை.


நோர்பரி
15 ஜூன் 2025

செயலாளர் அவர்களே,

கவுன்சில் வீட்டுப் பிரிவில் வேலை செய்து செய்து, பேனையைத் தொட்டாலே உனக்கு "இயலாது" என்றுதான் வருகிறது போல. நான் முதலாம் வகுப்பு முத்திரையே ஒட்டுவேன். எனக்கு அவசரம்.

நீ இவர்களில் ஒருத்தியையும் பார்க்கவில்லை. விருந்து மண்டபத்தில் கடைசி மேசையில்தான் இருந்தார்கள். உனக்குத் தலைவியின் மேசையில் வேலை அதிகம். அதனால் நான் சொல்கிறேன், கேள்.

பிரமிளாவைக் கோலியர்ஸ் வுட்டில் கண்டுபிடித்தேன். தமிழ்க் கடையில் மேல்தட்டில் இருந்த சிவப்பரிசி மாவை எடுக்கக் கடைக்காரப் பெடியன் ஸ்டூல் தேடிக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற ஒருத்தி என் தலைக்கு மேலால் கையை நீட்டி, எட்டிக்கூடப் பார்க்காமல் எடுத்துத் தந்தாள். நான் மாவைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்தேன். "தங்கச்சி, நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உயர்தரம் மட்டும் சௌந்தராம்பிகை. விடுதியில இருந்து படிச்சனான்" என்றாள். பணம் கொடுக்க மறந்து வாசல்வரை அவளோடு கதைத்துக்கொண்டே போய்விட்டேன். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். கூடைக்குக் கீழே நின்றால் சுவர்தான்.

மேனுஷா எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் அகப்பட்டாள். பெடியன்களோடு நின்று, பஸ் கொம்பனிச் சேட்டைக்கூடக் கழற்றாமல், தூரத்தில் இருந்து பந்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். லண்டன் பஸ் ஓட்டுகிறாள், முப்பத்தொரு வயது. வன்னியில் சண்டை எல்லாம் முடிந்த பிறகு, முகாமில் இருந்து வெளியே விட்டபோது, மாமி வீட்டில் நின்று எங்கள் கல்லூரியில் சாதாரணதரப் பரீட்சை எழுதியவள். ஒரு வருடம்கூட முழுதாக இல்லை. ஆனால் அந்த ஒரு வருடம்தான் அவள் சப்பாத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் போன கடைசி வருடம்.

இவர்களைப் போல இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். மன்னாரில் இருந்து ஓடிவந்து ஒரு வருடம் படித்த இரட்டையரும் அதில் அடக்கம்.

இனி விருந்தில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் நீ ஒலிவாங்கியைத்தான் கேட்டாய், அதற்கு முன்னால் நடந்ததைக் கேட்கவில்லை. மேனுஷா என் கட்டாயத்தில்தான் வந்தாள். புதுச் சேலை வாங்கி உடுத்திக்கொண்டு வந்தாள். அக்கா அவளிடம் வந்து சிரித்துக்கொண்டு, "நீர் எந்த பட்ச்?" என்று கேட்டார். ஒரு வருடம்கூட முழுதாகப் படிக்காதவள் அவள். அவளுக்கு எது பட்ச்? அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். சாப்பாடு போடும்போது திரும்பிப் பார்க்கிறேன், கதிரை காலியாக இருந்தது.

அந்தக் கதிரையைப் பார்த்துவிட்டுத்தான் நான் மேடைக்குப் போனேன்.

சிவகௌரி


பார்க்கிங்
29 ஜூன் 2025

சிவகௌரி,

இதைக் குழுவில் வாசிக்கப் போவதில்லை. அதனால் "தாங்கள்" என்று எழுதவில்லை.

மேனுஷாவின் கதை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் பக்கத்தில் போய் இருந்திருப்பேன். ஆனால் நீ ஒலிவாங்கியில் அக்காவை மட்டும் சொல்லவில்லை. "செயலாளர் எண்டால் தலைவியின்ர கைப்பை தூக்கிற வேலை" என்று சொன்னாய். முன்வரிசையில் ஞானேஸ்வரன் இருந்தார், என் இரண்டு மகள்களும் இருந்தார்கள். மண்டபம் பிடித்தது, சாப்பாட்டுக்குச் சொன்னது, கதிரை அடுக்கியது, எல்லாம் நான். சனம் சிரித்தது. வீட்டுக்குப் போகும் வழியில் சின்னவள், "அம்மா, யூ ஓகே?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். ஓம் இல்லை.

அந்த விதியைப் பற்றிப் பேசுவோம். மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொரு கல்லூரிக்காரர் யாழ்ப்பாணத்தைப் படத்தில்கூடப் பார்க்காத ஒரு பல்கலைக்கழக வீராங்கனையைப் பழைய மாணவி என்று சொல்லி இறக்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அரையிறுதியில் எங்களைத் துவைத்து எடுத்தாள். காரில் வரும்போது, "சட்டம் போடு தாட்சா, இல்லாட்டில் கண்டவையும் வருவினம்" என்று கத்தியது யார்? நீ. நான் அடுத்த வாரமே கொழும்பில் உள்ள ஒரு ஆண்கள் கல்லூரியின் யாப்பை எடுத்துப் பார்த்து அந்த வரியை எழுதினேன். நீ கேட்டதைத்தான் எழுதினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு இருந்த ஒழுங்கை இப்போது இல்லை. அப்பா இல்லை. எனக்கு என்று அங்கே மிச்சம் இருப்பது அந்தக் கல்லூரியின் பெயர் மட்டும்தான். அதைக் கண்டவர்களும் முதுகில் போட்டுக்கொண்டு திரிவது எனக்குப் பிடிக்கவில்லை. "கண்டவர்களும்" என்ற சொல்லை வெட்டலாமா என்று யோசித்தேன். வெட்டவில்லை. நான் அப்படித்தான் நினைத்தேன் என்று உனக்குத் தெரியட்டும்.

தாட்சா


நோர்பரி
6 ஜூலை 2025

தாட்சா,

கைப்பை என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உன்னிடமும், ஞானேஸ்வரன் அண்ணையிடமும், பிள்ளைகளிடமும். அக்காவிடம் இல்லை. சட்டம் போடு என்று கத்தியதும் நான்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ போட்ட சட்டத்தை நீயே ஒருமுறை வாசித்துப் பார்த்தாயா?

போன ஞாயிறு பயிற்சி முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். உன் முதல் கடிதத்தில் இருந்த விதியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மற்றவர்கள் பையைக் கட்டத் தொடங்கினார்கள். பிரமிளா மட்டும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அக்கா, உங்களுக்கு அஞ்சு வருசம் தொடர்ச்சியாய் இருந்ததோ?" என்று கேட்டாள்.

நான் ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்த வருடம் ஞாபகம் வந்தது.

தொண்ணூற்றைந்து ஒக்ரோபர். இராணுவம் வருகிறது என்று ஒரே இரவில் ஊர் முழுதும் தென்மராட்சிக்கு நடந்ததே, நீயும் நானும் ஒரே சைக்கிளின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோமே. கல்லூரி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் திரும்பி வரும்வரை எங்கே படித்தோம்? மீசாலைப் பக்கம் திருமகள் கனிஷ்ட வித்தியாலயத்தில். அந்தப் பள்ளிக்கூடத்து இடாப்பில் நம் பெயரைச் சேர்த்து, தினமும் கூப்பிட்டார்கள். நாமும் எழுந்து "பிரசன்ட் சேர்" என்றோம்.

இதை நான் சொன்னதும் பிரமிளா சிரித்தாள். "அக்கா, நான் திருமகள். அப்ப ஒன்பதாம் வகுப்பு. டவுனில இருந்து ரெண்டு அக்காமார் வந்தவை, வந்த கிழமையே எங்கட ரிங்கைப் பிடிச்சிட்டினம். அது நீங்களோ?"

அது நாம்தான், தாட்சா. தென்னங்குற்றியில் அறைந்திருந்த அந்த வளையம். நீ கீழே நின்று இடது தொடையில் தட்டுவாய், நான் பார்க்காமலே பந்தை எறிவேன். சுற்றி வேலியோரம் சின்னப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். அவர்கள் விளையாடுகிற நேரம் அது. எங்களுக்காக விட்டுத் தந்துவிட்டு நின்றார்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். "கோவமே வரேல்லையோ?" என்று கேட்டேன். "எங்கட பெரிய சேர் காலமைக் கூட்டத்தில உங்களை நிப்பாட்டி, இண்டையில இருந்து இவையும் திருமகள் பிள்ளையள் எண்டவர். அதோட கதை முடிஞ்சுது" என்றாள்.

நம்மை யாரும் எந்த பட்ச் என்று கேட்கவில்லை. அதை நினைக்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள்! நம் தலைமுறைக்கு எதுதான் தொடர்ச்சியாக இருந்தது, கரண்டா? கொழும்பு ஆண்கள் கல்லூரியில் அது சரி வரலாம். பத்மாசனி அக்காவுக்கும் அது பொருந்தாது. எண்பத்தேழில் கல்லூரி பூட்டிக் கிடந்தபோது கொழும்பில் சித்தப்பா வீட்டில் நின்று அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனதை அவரே எத்தனை விருந்தில் சொல்லியிருக்கிறார்! உன் விதிப்படி சங்கத்தில் ஒருத்தியும் சேட் போட ஏலாது. தலைவியும் ஏலாது, செயலாளரும் ஏலாது.

குழுவில் இதைக் கேள். எழுத்தில் வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தையே காட்டு. "எடி" இதில் இல்லை.

கௌரி


பார்க்கிங்
20 ஜூலை 2025

கௌரி,

கேட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அந்தப் பெரிய சேரின் பெயர் எனக்கு ஞாபகம் வந்தது, பஸ்தியாம்பிள்ளை சேர். இவ்வளவு காலமும் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. லண்டனில் யார் கேட்டாலும் ஆறாம் வகுப்பில் இருந்து உயர்தரம்வரை சௌந்தராம்பிகை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றியதே இல்லை. அந்த மாதங்கள் கணக்கில் இல்லாதவை என்றே நினைத்திருந்தேன்.

கூட்டத்தில் விதியை வாசித்தேன். பிறகு நாம் இருந்த இடத்தைச் சொன்னேன். அக்காவின் எண்பத்தேழையும் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம். மெதுவாக, "அது வேற, தாட்சா. நாங்கள் எங்க போனாலும் எங்கட கல்லூரிப் பிள்ளையள்தான். போக வேண்டி வந்தது, போனம்" என்றார்.

"அவையும் வர வேண்டி வந்துதான் வந்தவை, அக்கா" என்றேன்.

யாரோ தேத்தண்ணி ஊற்றப் போனார்கள். பிறகு வாக்கெடுப்பு. என்னோடு ஒரே ஒருத்தி கை தூக்கினாள், அவளும் பாதிக் கைதான். விதி இருந்தபடியே இருக்கும். ஏற்கெனவே கல்லூரியில் இருந்து இடம்பெயர்ந்து போனவர்களுக்கு விலக்கு, இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இல்லை. இந்த வசனத்தை அறிக்கையில் எழுதியதும் என் கைதான்.

மெரூன் சேட்டுகள் அக்கா வீட்டுக் கராஜில் இருக்கின்றன, திறப்பும் அவரிடம். கிண்ணப் போட்டிக்கு அணிப் பெயர்களைச் செயலாளர் கையெழுத்தோடு ஓகஸ்ட் 10க்குள் அனுப்ப வேண்டும். நான் கையெழுத்து வைக்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார்.

கௌரி, தயவுசெய்து வராதே. எனக்காக இல்லை. வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினால் மேனுஷாவுக்கு அது இரண்டாம் முறை.

தாட்சா


நோர்பரி
27 ஜூலை 2025

எடி தாட்சா,

நீ எழுதியதை அவளிடமே வாசித்துக் காட்டினேன். அவளுக்காக நீயும் நானும் முடிவெடுக்கத் தேவையில்லை, அவளுக்கு வாய் இருக்கிறது. மேனுஷா பந்தை இரண்டு தரம் நிலத்தில் தட்டிவிட்டு, "அக்கா, ரோட்டு பூட்டியிருக்கும் எண்டு பயந்து ஆரும் பஸ்ஸை டிப்போவிலேயே வச்சிருக்கிறதோ? வாசல் மட்டும் போய்ப் பாப்பம்" என்றாள்.

ஆகவே வருகிறோம். ஓகஸ்ட் 24ஆம் திகதி காலை, பார்க்கிங்கில் உன் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் அந்த விளையாட்டு மண்டபத்துக்கு. உள்ளே விட்டால் உள்ளே விளையாடுவோம். விடாவிட்டால் கார் தரிப்பிடத்தில் விளையாடுவோம். பந்து எங்களுடையது.

மெரூன் சேட்டுகள் கராஜிலேயே கிடக்கட்டும், எலி உடுத்தட்டும். நாங்கள் ரூட்டிங்கில் ஒரு அச்சுக்கடையில் வெள்ளைச் சேட் அடிக்கக் கொடுத்துவிட்டோம். முன்னால் சௌந்தராம்பிகை. முதுகில் இலக்கத்துக்கு மேலே அவரவர் பெயர் இல்லை, அவரவர் படித்த மற்றப் பள்ளிக்கூடம். யோசனை பிரமிளாவுடையது. மேனுஷாவின் முதுகில் கிளிநொச்சியில் அவள் படித்த, இப்போது ஒரு சுவர்கூட மிஞ்சாத பள்ளிக்கூடம். அச்சுக்கடைக்காரர் விளங்காமல், "என்னக்கா இது, டீம் ஒண்டு, பள்ளிக்கூடம் இத்தனையோ?" என்று கேட்டார். "ஓம், அப்படித்தான் எங்கட கல்லூரி" என்றேன்.

என் முதுகிலும் பிரமிளாவின் முதுகிலும் ஒரே பெயர். எது என்று உனக்கே தெரியும்.

அணிப் பெயர்கள் உள்ள படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன்னைக் கெஞ்சப் போவதில்லை. நீ கையெழுத்து வைத்தால் சிநேகிதி. வைக்காவிட்டாலும் சிநேகிதிதான், ஆனால் உன் வீட்டு யன்னலைத் திறந்தால் கார் தரிப்பிடத்தில் பந்து தட்டுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு நீ எப்படிச் சமைப்பாய் என்று பார்க்கிறேன்.

கௌரி


பார்க்கிங்
8 ஓகஸ்ட் 2025

எடியே,

படிவம் இன்று காலை போய்விட்டது. கையெழுத்து வைத்தேன். முதலாம் வகுப்பு முத்திரை ஒட்டினேன்.

அடுத்த தபால்பெட்டியில் அக்காவுக்கு என் பதவி விலகல் கடிதத்தைப் போட்டேன். படிவத்துக்குப் பிறகுதான் அதைப் போட்டேன். கையெழுத்து வைக்கும்போது நான் செயலாளர். யாரும் அதைச் செல்லாது என்று சொல்ல முடியாது. கவுன்சிலில் வேலை செய்வதால் இவ்வளவாவது தெரிகிறது. ஞானேஸ்வரன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

உன் படிவத்தில் ஒன்பது பெயர்கள் இருந்தன. பத்தாவது வரி காலியாக இருந்தது, நிரப்பிவிட்டேன். நான் ஓடி எத்தனையோ வருடமாகிறது, என்னை அதிகம் இறக்காதே. ஆனால் கூடைக்குக் கீழே நிற்க இன்னும் தெரியும்.

எனக்கும் ஒரு சேட் வேண்டும். மீடியம் என்று நினைத்துவிடாதே, லார்ஜ். முதுகில் திருமகள்.

தாட்சா


நோர்பரி
26 ஓகஸ்ட் 2025

எடி நொண்டி,

அரையிறுதியின் மூன்றாம் கால் பகுதியில் கணுக்காலை மடக்கிக்கொண்டு, ஞானேஸ்வரன் அண்ணையின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய். போனில் சொல்லலாம்தான். ஆனால் எழுதிப் பழகிவிட்டது, உனக்கும் சோபாவில் கிடந்து வாசிக்க ஏதாவது வேண்டும்.

முதலில் இதைச் சொல்கிறேன். நீ விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் இடது தொடையில் தட்டினாய். நான் பார்க்கவில்லை, ஆனால் என் கை பந்தை அங்கேதான் எறிந்தது. நீ அதை உள்ளே போட்டாய். மற்றதெல்லாம் எனக்கு மறந்தாலும் அது மறக்காது.

நீ போன பிறகு நாங்கள் தோற்றோம். முதல் ஆட்டத்தை வென்றது நீ பார்த்ததுதான். இந்த அரையிறுதியில் கடைசிவரை விடவில்லை, ஒரே ஒரு கூடையால் போனது. பிரமிளா நடுவரிடம் தவறு எங்கே என்று விளக்கம் கேட்டுக்கொண்டே நின்றாள். மேனுஷா நிலத்தில் இருந்து அழுதாள். நானும் அழுதேன். பொய் சொல்வானேன், நன்றாகவே அழுதேன்.

அப்போதுதான் பத்மாசனி அக்கா பார்வையாளர் பக்கத்தில் இருந்து இறங்கி வந்தார். உன் விலகல் கடிதம் கைப்பையில் இருந்ததோ என்னவோ, முகம் சரியில்லை. எல்லோருடைய முதுகையும் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். மேனுஷாவின் முன்னால் நின்றார். அவளை ஞாபகம் இல்லை என்று நினைக்கிறேன். "நீர் எந்த பட்ச்?" என்றார்.

நான் முன்னால் போனேன். வாயைத் திறந்தேன். பிரமிளா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மேனுஷா கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்தாள். "முகாம் பட்ச், அக்கா" என்றாள். மண்டபம் முழுதும் கேட்கச் சொன்னாள். "ரெண்டாயிரத்துப் பத்து. எங்கட பட்ச்சில நிறையப் பேர் வரேல்லை. வந்த ஆள் நான்."

அக்கா கையை நீட்டி அவள் தோளைத் தொடப் பார்த்தார், பிறகு கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். மனம் மாறிவிட்டார் என்று நினைக்காதே. நேற்றே மின்னஞ்சல் வந்துவிட்டது. அனுமதியின்றிக் கல்லூரியின் பெயரைப் பாவித்ததால் பத்துப் பேருக்கும் சங்கத்தில் ஒரு வருடத் தடை. உன் பெயர் முதலாவது. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த காலத்திலேயே பந்தடித்த எங்களுக்குத் தடை போடுகிறார்களாம். ஒழுங்கமைப்பாளர்களோ அடுத்த வருடப் பட்டியலில் எங்கள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். சௌந்தராம்பிகை, வெள்ளைச் சேட்.

இனி நீ பார்க்காமல் போனதைச் சொல்கிறேன். நாங்கள் பந்துகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். பார்வையாளர் பக்கத்தில் இருந்து ஒவ்வொருவராகப் பெண்கள் இறங்கி வந்தார்கள். எந்த விருந்திலும் நான் காணாத முகங்கள். ஒருத்தி மேனுஷாவைக் கட்டிப் பிடித்தாள், விடவே இல்லை. ஒருத்தி என் முதுகைத் தொட்டுப் பார்த்து, "திருமகளோ?" என்றாள்.

கடைசியாக ஒருத்தி வந்தாள், எங்களைவிட மூப்பு, கையில் பேரப்பிள்ளையின் பால் போத்தல். சுற்றிப் பார்த்துவிட்டு, ஏதோ களவாகக் கேட்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"நான் மூண்டு மாசம்தான் படிச்சனான், தங்கச்சி. அது கணக்கில வருமோ?"

"சேட் என்ன சைஸ், அக்கா?" என்று கேட்டேன்.

கௌரி